படிக்கட்டில் இறங்கிய எச்சரிக்கை

அத்தியாயம் 8

“பன்னிரண்டு மணிக்கு பொலிஸ் ஜீப் வருது. இப்ப மணி பத்து. அதுக்குள்ள அந்தப் பிள்ளை பொய் சொல்லலன்னு நாம காட்டணும். நீ என்னடான்னா கடலை வாங்கிக்கிட்டு நிக்கிற” என்றாள் விதுஷா.

“வெறும் வயித்தோட துப்பறிஞ்சா மூளை வேலை செய்யாது மெடம். உங்களுக்குப் பரவாயில்ல, எனக்குக் கொஞ்சந்தான் இருக்கு” என்றபடி றொமேஷ் ஓட்டோவைக் கிளப்பினான்.

நமுனுகுல மலை தலையில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்றும் மழை நிச்சயம். பதுளை கடைவீதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஆறு வருடமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள் விதுஷா. வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான். அவளுடைய உதவியாளன் றொமேஷ் அதற்கு முன்னே கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தவன். மெசின்கள் பொய் சொல்வதில்லை, அதனால் அலுத்துப்போய் மனிதர்கள் பக்கம் வந்தேன் என்பான். இன்றைக்கு வந்திருக்கும் வழக்கில் இரண்டு தரப்பும் கலந்திருந்தன.

வழக்கு இதுதான். ஒன்பது நாளுக்கு முன்னே, ஒரு புதன்கிழமை பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு, வெள்ளைக்கல் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்தை மூடியது. கடவுள் புண்ணியத்தில் உயிர் போகவில்லை. ஆனால் காய்ச்சலோடு படுத்திருந்த கபிரியேல் என்ற தொழிலாளி இரவு முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மறுநாள் காலையில்தான் வெளியே வந்தான். பதுளை ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது காலை எடுத்துவிட்டார்கள்.

சரிவை முன்கூட்டிச் சொல்ல மலையில் ஒரு மழைப் பெட்டி இருந்தது. அது தோட்ட ஆபீஸ் பிரிண்டருக்கு மணிக்கொரு மழை அளவுத் தாளை அனுப்பும், அளவு எல்லை தாண்டினால் ஓர் எச்சரிக்கைத் தாளையும் அனுப்பும். அந்தத் தாளைக் கங்காணி கொண்டுபோய் லயத்தில் வாசித்தால்தான் சனம் இறங்கும். கீழ்க்கணக்கில் போனுக்குச் சிக்னல் கிடையாது. வாய்ச்சொல்லை நம்பி வேலையைப் போட்டுவிட்டு ஓடிய ஒரு தடவை பாதிப் பேருக்கு அன்றைய பேர் விழாமல், சம்பளமும் போனது. அதற்குப் பிறகு, ஆபீஸ் தாளைக் கண்ணால் பார்க்காமல் யாரும் அசைவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம்.

அன்றைக்குத் தாள் வரவில்லை. ஆனால் மறுநாள் பத்து மணிக்கு அது கிடைத்தது. தாள்களைக் கங்காணிமாருக்குக் கொடுக்கும் பொறுப்பில் இருந்த சிவசக்தியின் மேசைத் தட்டில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் கிடந்தது. அதில் அடித்திருந்த நேரம் புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்து. மண் சரிவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னே.

அந்த இரண்டரை மணி நேரத்தில் ஏழாம் நம்பர் லயம் முழுவதும் கோழிக்கூட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். அதனால் இப்போது தோட்டமே சிவசக்தியைத்தான் திட்டுகிறது. அவள்தான் விதுஷாவின் உதவியைக் கேட்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் வேறு உண்மை வராவிட்டால் அவளுடைய வேலை போவது மட்டுமல்ல, அவளும் ஜீப்பில் போவாள்.

“மெடம், என் கணிப்பு என்னன்னா அந்தத் தாளே பொய். யாரோ பிறகு தட்டச்சு செஞ்சு பிள்ளையோட தட்டுல செருகிட்டாங்க. பொய்த் தாள்னு நிரூபிச்சா சோலி முடிஞ்சுது” என்றான் றொமேஷ், வளைவில் ஒரு பஸ்ஸுக்கு மயிரிழையில் வழிவிட்டபடி.

“முதல்ல நாம உயிரோட போய்ச் சேருவோம்” என்றாள் விதுஷா.

தோட்ட ஆபீஸின் முன் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னே கம்பனி அனுப்பிய விசாரணை அதிகாரி வீரசிங்கம், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் புவனேந்திரன். முப்பத்தொரு வருட சேவை, நெற்றியில் திருநீறு, ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம். தோட்டத்தில் யாருக்கு என்ன கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். சுவரோரக் கதிரையில் சிவசக்தி. இருபத்துநான்கு வயது, ஒன்பது நாளில் பாதியாகியிருந்தாள். எதிர்ச் சுவரோரம் கபிரியேலின் மனைவி செசிலி. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“மெடம், அந்தத் தாளை நான் கண்ணாலயும் பார்க்கல. அன்னைக்கு மூணு மணியில இருந்து கதிரையை விட்டு எழும்பவே இல்ல. அந்த மெசின் அடிக்கத் தொடங்குனா லயத்து நாய் குரைக்கும். எனக்கா கேட்காது?” என்றாள் சிவசக்தி.

அவள் காட்டிய மெசின் மூலையில் இருந்தது. ஊசியால் குத்திக் குத்தி எழுத்து அடிக்கும் அந்தக் காலத்துப் பிரிண்டர்.

“தகரத்துல மழை கொட்டுறப்ப பக்கத்துல இருக்கிறவன் தும்முனாலும் கேட்காது பிள்ள. நான் உன்னைக் குத்தம் சொல்லல. மறந்திருப்ப. மனுசருக்கு மறதி வரத்தானே செய்யும்” என்றார் புவனேந்திரன், கனிவாக.

“மறதியா?” செசிலி நிமிர்ந்தாள். “நான் மேல கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேன் ஐயா. தாளு வந்திருந்தா ஓடிப்போய் அவரை எழுப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேன். இப்ப ஒத்தக் காலோட கெடக்காரு. இவளுக்கு அது மறதியா?”

சிவசக்தி தலையைக் குனிந்துகொண்டாள். விதுஷாவுக்கு அந்தக் கணத்தில் இரண்டு பேர் மீதும் ஒரே அளவு பரிதாபம் வந்தது. துப்பறிகிறவளுக்கு அது ஆகாது. அவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

எச்சரிக்கைத் தாள் ஒரு பழுப்பு அட்டையில் ஒட்டப்பட்டிருந்தது. நாலே நாலு வரி. முதல் வரி இடது ஓரத்தில் தொடங்கியது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கியது. மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். நாலாவது தாளின் விளிம்பில் தொங்கியது. இடப்பக்கக் கீழ்ப்பகுதி முழுவதும் வெறுமை.

றொமேஷ் எட்டிப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப் போயிற்று.

“என்ன?” என்றாள் விதுஷா.

“என் கணிப்பு செத்துப் போச்சு மெடம். இது அசல் தாள்.”

“எப்படிச் சொல்ற?”

“படிக்கட்டு. மழைப் பெட்டிக்குள்ள ஓடுறது லினக்ஸ், யுனிக்ஸ் வம்சம். அந்த வம்சத்துல ஒரு வரி முடிஞ்சா ‘கீழ இறங்கு’ன்னு மட்டும்தான் சொல்லும். இந்தப் பிரிண்டருக்கோ ‘இடது ஓரத்துக்குத் திரும்பு, பிறகு இறங்கு’ன்னு ரெண்டையும் சொல்லணும். விண்டோஸ்ல அடிச்சா ரெண்டும் சேர்ந்தே போயிரும். இது திரும்பாமலே இறங்கி இறங்கிப் போயிருக்கு. எங்க மாமா மாதிரி, கடைக்கு இறங்கத் தெரியும், வீட்டுக்குத் திரும்பத் தெரியாது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “பொய்த் தாள் செய்றவன் நேராத்தான் அடிப்பான். இப்படிக் கோணலா செய்ய அவனுக்குத் தோணாது.”

“பெட்டி வெச்ச நாள்ல இருந்து இப்படித்தான் வரும். மணிக்கொரு தாள், வந்துதா வரலையான்னு யாரும் எண்ணுறதில்ல. கோணல் சின்ன விசயந்தானேன்னு யாரும் திருத்தல” என்றாள் சிவசக்தி. தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே முறுக்குகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் உண்மையைத்தான் சொன்னாள்.

வீரசிங்கம் இன்னொரு தாளைத் தட்டினார். “இதையும் பாருங்க. மழைப் பெட்டியின் குறிப்பு. மூன்று பத்துக்குத் தாளை அனுப்பியது, ஆபீஸ் சேர்வர் ஏற்றுக்கொண்டது. பெட்டி அனுப்பியிருக்கு, ஆபீஸ் வாங்கியிருக்கு, தாள் சிவசக்தியின் தட்டில் இருந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

மணி பத்து ஐம்பது.

“சேர்வர் வாங்கிட்டா தாள் வந்துட்டதுன்னு அர்த்தமா?” என்று விதுஷா றொமேஷைப் பார்த்தாள்.

“தபால் கந்தோர்ல கடிதத்தைக் குடுத்தா வீட்டுக்கு வந்த மாதிரியா மெடம்? பெட்டி நேரா பிரிண்டரோட பேசுறதில்ல. நடுவுல விண்டோஸ் சேர்வர் ஒன்னு உட்கார்ந்திருக்கு. பெட்டி அதுக்கிட்டக் குடுக்கும். அது வாங்கிக்கிட்டு ‘சரி, நீ போ’ன்னு சொல்லும். பெட்டி ‘அனுப்பியாச்சு’ன்னு எழுதிட்டுத் தூங்கப் போயிரும். அதுக்குப் பிறகு என்ன நடந்துச்சுன்னு பெட்டிக்குத் தெரியாது.”

“அப்போ திறந்து பாரு.”

சேர்வர் புவனேந்திரனின் மேசைக்கு அடியில் இருந்தது. கடவுச்சொல்லை அவரே குனிந்து அடித்துக் கொடுத்தார். றொமேஷ் தன் மடிக்கணினியிலிருந்து மழைப் பெட்டிக்குள் புகுந்து ஒரு சோதனைத் தாளை அனுப்பினான். மறுகணம் மூலையில் கர்ர்ர் என்று அலறல் எழுந்தது. வெளியே நிஜமாகவே ஒரு நாய் குரைத்தது. நாலு வரி, அதே படிக்கட்டு.

“ஒழுங்காத்தானே வேலை செய்யுது” என்றார் வீரசிங்கம்.

றொமேஷ் தாளைத் திருப்பினான். பின்பக்கத்தில் யாரோ ஒருவரின் பழைய விடுமுறை விண்ணப்பம், மேலே பேனாவால் பெரிய பெருக்கல் குறி. “இதென்ன, இலவச இணைப்பா?”

“ஒரு பக்கம் அடிச்ச தாள். தாள் தட்டுப்பாடு வந்த வருசத்துல இருந்து மறுபக்கத்தையும் பாவிக்கணும்னு பெரிய கிளாக்கர் ஐயா சொல்லிட்டாங்க. வெளியே போற கடிதம், பட்டியல் மட்டும் புதுத் தாளுல அடிக்கலாம்” என்றாள் சிவசக்தி.

“சிக்கனம் நல்லதுதானே” என்றார் புவனேந்திரன்.

றொமேஷ் தாளைக் கீழே வைத்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல விசிலடித்தான்.

“மெடம், ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல். பிரிண்டர் ஒன்னுதான். ஆனா சேர்வர்ல அதுக்கு ரெண்டு பேர் இருக்கு. ஆபீஸ் கொம்பியூட்டர்கள் ‘ஆபீஸ்’ங்கிற வாசலால வருது. பெட்டி ‘மழை’ங்கிற வாசலால வருது. இப்ப நான் ‘மழை’ வாசலுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடுறேன்.” ஒரு பட்டனை அழுத்தினான். பெட்டியிலிருந்து இன்னொரு தாளை அனுப்பினான். “பெட்டி என்ன சொல்லுது? அனுப்பியாச்சு, சேர்வர் வாங்கிருச்சு. மெசின் என்ன சொல்லுது?”

மெசின் ஒன்றும் சொல்லவில்லை.

“சிவசக்தி, உங்க மேசையில இருந்து ஏதாவது அடிங்க.”

சிவசக்தி எழுந்துபோய் ஏதோ கடிதத்தை அனுப்பினாள். பிரிண்டர் உடனே அலறி அதை அடித்தது. வரிகள் நேராக இருந்தன.

“பார்த்தீங்களா? ஆபீஸ்ல எல்லாருக்கும் மெசின் நல்லா இருக்கு. பெட்டிக்கும் எல்லாம் நல்லா இருக்கு. மழைத் தாள் மட்டும் உள்ளே மாட்டிக்கிட்டுக் கெடக்கு.” ஏழு நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு றொமேஷ் தாழ்ப்பாளை எடுத்தான். தாள் அலறிக்கொண்டு வந்தது. அதை வீரசிங்கத்திடம் நீட்டினான். “நேரம் என்ன போட்டிருக்கு சேர்?”

“பதினொன்று இரண்டு.” வீரசிங்கம் தன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஒன்பது.

“தாளுல இருக்கிறது பெட்டி எழுதுன நேரம். மெசின் அடிச்ச நேரம் இல்ல. மூணு பத்துத் தாள் அடுத்த நாள் காலையில வெளிய வந்தாலும் மூணு பத்துன்னுதான் சொல்லும்.”

சிவசக்தியின் முகத்தில் ஒன்பது நாளைக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் ஓடியது. அதை வீரசிங்கம் ஒரே வாக்கியத்தில் துடைத்தார்.

“இப்படி நடக்கலாம் என்பது வேறு, அன்றைக்கு இப்படி நடந்தது என்பது வேறு. யாராவது தாழ்ப்பாள் போட்டதற்கு சேர்வரில் பதிவு இருக்கிறதா?”

றொமேஷ் பத்து நிமிடம் தேடினான். கடைசியில் இல்லையென்று தலையை ஆட்டினான். “அடிச்சு முடிச்சா மறந்துரும் சேர். நன்றி கெட்ட சாமான்.”

வெளியே முதல் இடி முழங்கியது. மேசைத் தொலைபேசி அடித்தது. வீரசிங்கம் கேட்டுவிட்டு வைத்தார். “ஜீப் நமுனுகுல சந்தி தாண்டிட்டுதாம்.”

சிவசக்தி கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று விதுஷாவுக்கு இருந்தது. ஆனால் கையில் உண்மை இல்லாமல் சொல்லும் ஆறுதல் வெறும் வாய்ச்சவடால். அவள் மறுபடியும் கோப்பைத் திறந்தாள். வேறு வழி இல்லாதபோது பார்த்ததையே பார்ப்பதுதான் அவளுடைய பழக்கம்.

கோப்பில் இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள். எல்லாம் ஓரத்தில் துளை போட்டுக் கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கைத் தாள் ஒன்று மட்டும் அட்டையில் ஒட்டியிருந்தது. நாலு மூலையில் அல்ல, பின்பக்கம் முழுக்கப் பசை தடவி.

“இதை ஒட்டினது யாரு?” என்றாள்.

“நான்தான். ஆதாரம் இல்லையா? கசங்கிப் போகக் கூடாதுன்னு” என்றார் புவனேந்திரன்.

நியாயமான பதில்தான். விதுஷா தலையாட்டினாள். ஆனால் அவளுடைய விரல் தாளின் மீது ஊர்ந்துகொண்டிருந்தது. எழுத்துப் படிக்கட்டைக் கடந்து, கீழே இடப்பக்கத்து வெறுமைக்கு வந்தது. அங்கே நின்றது. மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

“றொமேஷ், இங்க தொட்டுப் பாரு.”

அவன் தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தொட்டான். “சொரசொரன்னு இருக்கே. வரி வரியா மேடு. இந்தப் பக்கம் ஒரு எழுத்தும் இல்லாத இடத்துல.”

“ஊசியால குத்தி அடிக்கிற மெசின். ஒரு பக்கம் குத்துனா மறுபக்கம் புடைக்கும். பின்பக்கத்துல ஏதோ அடிச்சிருக்கு.” அவள் வீரசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். “இதைப் பிரிச்சுப் பார்க்கணும் சேர்.”

“ஆதாரத்தைக் கிழிக்கிறதா? அது முறையில்ல” என்று புவனேந்திரன் எழுந்தே விட்டார். அவருடைய குரலில் முதல் முறையாகக் கனிவு இல்லை. வீரசிங்கம் அதைக் கவனித்தார்.

“கிழிக்க வேணாம் சேர். கேத்தல் இருக்கு. ஆவியில காட்டுனா பசை தானா இளகிரும். நீங்களே உங்க கையால செய்யுங்க, நாங்க தொடவே இல்ல” என்றாள் விதுஷா.

கேத்தல் கொதிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. வீரசிங்கம் அட்டையை ஆவியில் பிடித்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். தாள் ஈரத்தோடு பிரிந்து வந்தது. அதைத் திருப்பினார்.

நேரான வரிகள், தமிழ் எழுத்து. மேலே பேனாவால் பெரிய பெருக்கல் குறி. ஓரத்தில் சிவப்பு மண் படிந்த ஒரு பெருவிரல் தடம்.

“வியாழக்கிழமை, காலை ஏழு மணி. ஏழாம் நம்பர் லயம், பாடசாலையில் தங்கவைக்கப்பட்டோர் பெயர்ப்பட்டியல்” என்று வீரசிங்கம் வாசித்தார். விரலைக் கீழே நகர்த்தி நிறுத்தினார். “பதினான்காவது பெயர், கபிரியேல். காணவில்லை.”

செசிலியின் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

“அது நான் அடிச்சது” என்று சிவசக்தி எழுந்தாள். “வியாழன் காலையில புதுத் தாளுல அடிச்சு, பாடசாலைக்குக் கொண்டுபோய் பேர் சரி பார்க்கச் சொல்லி செசிலி அக்கா கையில குடுத்தேன். எட்டேகாலுக்கு அவரு உயிரோட கிடைச்சாரு. உடனே தாளை வாங்கிக்கிட்டு வந்து, திருத்தி வேற அடிச்சேன். இதுல பெருக்கல் போட்டு, மெசினுக்குப் போடுற ஒருபக்கத் தாள் கட்டுல வெச்சுட்டு, புதுப் பட்டியலோட மறுபடியும் பாடசாலைக்கு ஓடிட்டேன்.”

“அப்போ புதன்கிழமை எச்சரிக்கை, வியாழன் எட்டேகாலுக்குப் பிறகு கட்டுக்கு வந்த தாளுல எப்படி அடிபட்டுச்சு?” என்றாள் விதுஷா. “புதன்கிழமை இந்தத் தாள் ஒரு வெள்ளைத் தாளா எங்கேயோ கட்டுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு.”

றொமேஷ் கைதட்டத் தயாரானான். அப்போதுதான் புவனேந்திரன் மெல்லச் சிரித்தார்.

“அவசரப்படாதீங்க அம்மா. எது முன்பக்கம், எது பின்பக்கம்னு உங்களுக்கு யார் சொன்னது? புதன்கிழமையே எச்சரிக்கை வந்திருக்கு. இந்தப் பிள்ளை கவனிக்காம ஒருபக்கத் தாள்னு நினைச்சு எடுத்து, வியாழக்கிழமை அதோட மறுபக்கத்துல பட்டியலை அடிச்சிருக்கு. புதுத் தாள்னு சொல்றது அவ வாய்தானே?”

விதுஷா தாளை உற்றுப் பார்த்தாள். மனிதர் சொன்னதில் ஓட்டை இல்லை. இரண்டு பக்கமும் அடித்த ஒரு தாள், எந்தப் பக்கம் முதலில் அடிக்கப்பட்டது என்று தானாகச் சொல்லாது. மணி பதினொன்று நாற்பத்தைந்து. தகரக் கூரையில் மழை சடசடவென்று விழத் தொடங்கியது.

அவளுடைய கண் பெருவிரல் தடத்தின் மீது விழுந்தது. காலையில் ஏழு மணிக்கும் எட்டேகாலுக்கும் இடையில் அந்தத் தாள் யார் கையில் இருந்தது?

அவள் திரும்பினாள். அந்த அறையில் சிவசக்திக்காகப் பேச எந்தக் கடமையும் இல்லாத ஒரே ஆள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“செசிலி அக்கா, இந்தத் தாளை முன்ன பார்த்திருக்கீங்களா?”

செசிலி எழுந்து வந்தாள். தாளைத் தொடவில்லை. விரல் தடத்தைப் பார்த்தாள். பிறகு கணவனின் பெயரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இது என் கைதான். ராத்திரி முழுக்க மண்ணைத் தோண்டுன கை.”

“இது உங்க கையில எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“அவரு கிடைக்கிற மட்டும்.”

“அப்போ மறுபக்கம் என்ன இருந்துச்சு?” கேட்டுவிட்டு விதுஷா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். இதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

செசிலி சிவசக்தியைப் பார்த்தாள். ஒன்பது நாளாகக் காலையும் மாலையும் சபித்த முகம். ‘ஞாபகம் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜீப் வந்துகொண்டிருந்தது. தன் புருசனின் காலுக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தவள். சிவசக்தி கைகூப்பவில்லை, கெஞ்சவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

“காணவில்லைன்னு போட்டிருந்தது எனக்குப் பொறுக்கல” என்றாள் செசிலி. “பின்னாடி வேற பட்டியல் ஏதும் இருக்கும், அதுல அவரு பேர் இருக்கும்னு நினைச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பத்துத் தடவையாச்சும் பார்த்திருப்பேன். ஒன்னுமே இல்ல ஐயா. வெறும் வெள்ளை.”

வீரசிங்கம் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“சேர்வரின் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும், மிஸ்டர் புவனேந்திரன்?”

புவனேந்திரன் மேசைக்கு அடியிலிருந்த சேர்வரைப் பார்த்தார்.

“தோட்டத்து மனேஜர் துரைக்கு?”

“தொரை அந்த வாரம் கொழும்புல” என்றாள் சிவசக்தி மெதுவாக. கேட்காமலே அவளுடைய பார்வையும் பெரிய கிளாக்கரிடம் போயிற்று. முப்பத்தொரு வருடம் ஒரு தாளையும் வீணாக்காத மனிதர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் சிக்கனத்தால் கெட்டார்.

புவனேந்திரன் உட்கார்ந்தார். திருநீற்றின் மீது வியர்வை இறங்கியது.

“மணிக்கொரு தாள்” என்றார். “நாலு வரிக்கு ஒரு தாள். புதன்கிழமை காலையில ரெண்டு பெரிய அறிக்கை அடிக்க வேண்டியிருந்துச்சு, நடுவுல நடுவுல அது வந்து விழுந்துச்சு. பதினொரு மணிக்கு நிறுத்தி வெச்சேன். ஒரு மணித்தியாலத்துல எடுத்து விடலாம்னுதான். மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். வியாழன் ஒன்பது மணிக்கு ஞாபகம் வந்து எடுத்து விட்டேன். தேங்கிக் கெடந்த தாளெல்லாம் ஒன்னா வந்துச்சு. நடுவுல இது. மூணு பத்து. அதை வாசிச்சதும் கையும் ஓடல, காலும் ஓடல. மத்ததையெல்லாம் எரிச்சுட்டேன். மழைப் பெட்டிக்காரங்க போன் எடுத்து ‘தாள் எங்கே’ன்னு கேட்டாங்க. ஒன்னைக் காட்டணுமேன்னு பிள்ளையோட தட்டுல செருகிட்டேன், பின்பக்கம் தெரியாம ஒட்டியும் வெச்சேன். இன்னும் நாலு மாசம்தான் இருந்துச்சு...”

“மறதி யாருக்கும் வரும்னு நீங்கதானே சொன்னீங்க” என்றான் றொமேஷ். வழக்கமான கிண்டல் அதில் இல்லை.

செசிலி பெரிய கிளாக்கருக்கு முன்னே போய் நின்றாள்.

“வியாழக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே ஐயா. என் பக்கத்துல உட்கார்ந்து, தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, ‘அந்தப் பிள்ளை தாளை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கு’ன்னு சொன்னீங்களே. அப்பவே உங்களுக்கு உண்மை தெரியும்.”

அவர் தரையைப் பார்த்தார். செசிலி அதற்கு மேல் காத்திருக்கவில்லை.

வாசலில் ஜீப் வந்து நின்றது. வீரசிங்கம் எழுதிய தாளில் கையெழுத்திட்டு, பெரிய கிளாக்கரின் தோளைத் தொட்டு எழுப்பினார். சிவசக்தியிடம், “நீங்க போகலாம், நாளைக்கு வேலைக்கு வாங்க” என்றார். அவள் தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. எங்கே போவது என்று தெரியாதவள் போல நின்றாள். ஒன்பது நாளாக அவளை ஒரு லயத்துக்குள்ளும் விடவில்லை.

செசிலி சுவரில் சாய்த்திருந்த குடையை எடுத்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“பதுளை பஸ் பன்னெண்டரைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீயும் வா” என்றாள். “அவரும் ஒன்பது நாளா ஒன்னையத்தான் வைஞ்சுக்கிட்டுக் கெடக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீயே வந்து சொல்லு.”

அதுவரை அழாத சிவசக்தி அப்போதுதான் அழுதாள். செசிலி குடையை விரித்து, ஒரு பக்கம் இடம் விட்டுப் பிடித்தாள்.

“வர்றேன்க்கா” என்று சொல்லிவிட்டுச் சிவசக்தி மழையில் இறங்கினாள்.